இயேசுவுக்கு விட்ட கடைசி வயல்

மேன்மை மிகுந்த மருமகள் தமிழ்நிலாவுக்கு,

வலங்கைமான் தாலுகா முழுக்க அறிந்த உன் மாமா அரசப்பன் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும், உன் அத்தை அம்சவல்லியும், மாடுகள் இரண்டும் சுகம். போர் மோட்டார் மட்டும் எரிந்துபோய்க் கிடக்கிறது. சென்னையில் உன் சுகத்தையும் உன் ஆஸ்பத்திரி நோயாளிகள் சுகத்தையும் அறிய ஆவல். போனில் சொல்லக் கூடாதா என்பாய். போனில் சொன்னால் நடுநடுவே கேள்வி கேட்பாய். கடிதத்தில் அந்த வசதி கிடையாது.

முதலில் சேதி. அடுத்த மாதம் முதல் ஞாயிறு எனக்கு ஞானஸ்நானம். உட்கார்ந்துகொண்டு படி. இரண்டு வருஷம் முன்னால் நீ ஞானஸ்நானம் எடுக்கப் போவதாகச் சொன்னபோது, "விதைநெல்லையே ஈரச் சாக்கில் கட்டிவைத்து, நூற்றுக்கு எத்தனை முளைக்கிறது என்று எண்ணிப் பார்த்துத்தான் விதைக்கிறோம், சாமியைச் சும்மா மாற்றுவதா?" என்று கேட்டவன் நான்தான். உன் ஞானஸ்நானத்தன்று மாடு கன்று போட்டதால் வேதக்கோயிலுக்கு வர முடியாமல் போனதும் உனக்குத் தெரியும். ஆனால் கேட்ட கேள்விக்கு விடை காணாமல் விடுகிற ஆளா நான்? இந்தக் குறுவையில் பரிசோதனையில் இறங்கினேன். விவசாய ஆபீசர்கள் சோதனை வயல் போடுகிறார்களே, அதே கணக்கு. (அவர்களே என்னிடம் வந்து சந்தேகம் கேட்டுப் போவார்கள், அது வேறு விஷயம்.) மூன்று வயலிலும் ஒரே விதை, ஒரே உரம், ஒரே நாள் நடவு. வாய்க்கால் தலைப்பில் இருக்கிற மேல வயலைக் குலசாமி வீரனாருக்கு விட்டேன். நடு வயலை யாருக்கும் விடவில்லை, அதாவது நாத்திகத்துக்கு. கடைசி வயல், எப்போதும் தண்ணீர் எட்டாத வயல், அதை இயேசுவுக்கு விட்டேன். புதிதாக வருகிறவருக்கு முதலிலேயே நல்ல வயலைக் கொடுக்க முடியுமா, நீயே சொல். உன் அத்தை, "சாமியப் பயிர் வச்சுப் பாக்குற ஆள இப்பதான் பாக்குறேன். தோத்துப்போன சாமிய என்ன செய்வீங்க, மண்டியிலயா போடுவீங்க?" என்றாள். விஞ்ஞானத்தில் பெண்களோடு வாதாட முடியாது.

ஆடி பிறந்ததும் வாய்க்காலில் தண்ணீர் சுண்டிப்போனது. முறை வைத்துத்தான் விட்டார்கள். மேல வயல் தப்பித்தது, நடு வயல் ஏதோ தலையை ஆட்டியது, கடைசி வயல் காய்ந்திருக்க வேண்டுமா இல்லையா? அங்கேதான் கேள். விடிந்து போய்ப் பார்த்தால் கணுக்கால் தண்ணீர் நிற்கிறது! மறுநாளும் நிற்கிறது! எனக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நேராக வேதக்கோயிலுக்குப் போய், எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று சாட்சி சொன்னேன். தண்ணீர் ஆகாயத்திலிருந்து ஒரு கயிறு போல இறங்கியது, அந்தக் கயிற்றை நான் கையால் தொட்டேன், குளிர்ந்திருந்தது என்றேன். நாலு பேர் கண்ணீர் விட்டார்கள். போதகர் செல்லதுரை ஐயா மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "நாளைக்கு விடியற்காலைல நானும் வர்றேன் அரசப்பா, பாப்போம்" என்றார்.

வந்தார். பார்த்தோம். என் கடைசி வயலுக்கும் பக்கத்து வயலுக்கும் நடுவில் வரப்பு ஒரு சாண் வெட்டியிருக்கிறது. அதன் வழியாகப் பக்கத்து வயல் மோட்டார்த் தண்ணீர் சலசலவென்று என் வயலுக்குள் இறங்குகிறது. மண்வெட்டியோடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பது யார்? என் சித்தப்பா மகன் நெடுமாறன்! ஒன்பது வருஷத்துக்கு முன் தண்ணீர் முறைத் தகராறில் வரப்பை வெட்டி என் நாற்றங்காலை மூழ்கடித்த அதே நெடுமாறன். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. போதாததற்குக் கறுப்புச் சட்டைக்காரன், சாமியே இல்லை என்று மைக் வைத்துப் பேசுகிறவன். ஐயா ஆள் நல்ல அகலம், அவருக்குப் பின்னால் நான் நிற்பது அவனுக்குத் தெரியவில்லை.

"எத்தனை நாளாப்பா இது?"

"ரெண்டு வாரமாச்சுங்க. அண்ணன் மோட்டார் எரிஞ்சுபோச்சு, கேக்க ரோஷம். பயிர் என்ன பாவம் பண்ணிச்சு? நீங்க சொல்லிடாதீங்க ஐயா. அண்ணன் அற்புதம் அற்புதம்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுது, கேக்க நல்லாருக்கு."

திரும்பும் வழியில், "அப்ப அற்புதம் இல்லையா ஐயா? மோட்டார் தண்ணிதானா?" என்றேன். அவர் நின்றார். "தண்ணி மோட்டார்ல வந்துச்சு, சரி. ஒன்பது வருஷம் பேசாத மனுசனைத் தினமும் விடியறதுக்கு முன்னாடி எழுப்பிக் கொண்டாந்து விட்டுச்சே, அது எந்த மோட்டார்?" என்றார். "அவன்தான் சாமியே இல்லைங்கறானே" என்றேன். "அவன் இல்லைன்னு சொன்னா அவர் கூப்புடாம விட்டுடுவாரா? உன்னையும்தான் கூப்புடறாரு, நீ பயிர் வச்சுப் பாக்குற." தமிழ்நிலா, எனக்குப் பதில் தெரியாத கேள்வி இந்த ஜில்லாவில் அதுவரை பிறந்ததில்லை. அறுவடையில் நாத்திக வயல்தான் இரண்டு மூட்டை கூடக் கண்டது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அதைச் சொன்னதற்கு ஐயா, "மழை எவன் வயல்னு பட்டா பாத்தா பெய்யுது?" என்று சிரித்தார். இருந்தும் அந்த மோட்டார் கேள்வி என்னை விடவில்லை. ஞானஸ்நானம் கொடுங்கள் என்று போய் நின்றேன். "முதல்ல மனஸ்தாபம் உள்ளவங்ககிட்ட போய் உண்மையைப் பேசிட்டு வா. அப்புறம்தான் ஞானஸ்நானம். எத்தனை பேரு?" என்றார். "ஒரே ஒருத்தன்தான் ஐயா" என்றேன்.

அன்றே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சிங்கம் போல் நெடுமாறன் வயலுக்குப் போனேன். என்னைக் கண்டதும் அவன் ஓடிவந்து காலில் விழுந்து, "வரப்ப வெட்டினது தப்புதான் அண்ணே" என்று தேம்பித் தேம்பி அழுதான். "எழுந்திரு தம்பி, மன்னித்தோம்" என்று தூக்கி நிறுத்தினேன். சுற்றிலும் நடவு ஆட்கள் கை தட்டினார்கள். ஆகவே தடை நீங்கியது. நீ அவசியம் வர வேண்டும்.

சம்பா நாற்றைப் போல் நீ தழைக்கவும், உன் சமையலில் உப்பு சரியாக இருக்கவும் ஆசீர்வதிக்கும்,
மாமா அரசப்பன்

பின்குறிப்பு: நீடாமங்கலம் போகிறவனாயிற்றே என்று இந்தக் கடிதத்தைத் தபாலில் போட நெடுமாறனிடமே கொடுத்தேன். உறையை ஒட்ட மறந்துவிட்டேன். பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து முழுக்கப் படித்துவிட்டுத் திரும்பி வந்து, "ஞானஸ்நானம் எடுக்கப் போறவன் எழுதுற கடுதாசியாண்ணே இது? எனக்குச் சாமியே கெடையாது, எனக்கே கூசுது. மாத்தி எழுதுண்ணே" என்று எதிரில் உட்கார்ந்திருக்கிறான். அவன் என் காலில் விழவில்லை. நான்தான் வரப்பில் வழுக்கி அவன் காலடியில் விழுந்தேன். விழுந்தது விழுந்தோம் என்று அப்படியே மன்னிப்பும் கேட்டுவிட்டேன். அழுததும் நான். கை தட்ட அங்கே ஒரு கொக்கைத் தவிர யாருமில்லை. ஒன்பது வருஷம் முன்னால் அவன் முறைத் தண்ணீரைத் திருட வரப்பை வெட்டியதும் நானே. வெட்டு பெரிதாகிப் போய் மூழ்கியது என் நாற்றங்கால்.

"முடிஞ்சுதா?" என்கிறான். முடியவில்லை. ஐயாவிடம் ஒருத்தன் என்று சொன்னது பொய். இரண்டு பேர். உன் ஞானஸ்நானத்தன்று கன்று போட்ட மாடு அப்போது சினையே இல்லை, தமிழ்நிலா. நான் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில்தான் உட்கார்ந்திருந்தேன். இது கிடைத்ததும் போன் செய். நீ பேசு, நான் நடுவில் பேச மாட்டேன்.