அண்ணாந்தாரும் பேக்கரிக் கூரையும்

அண்ணாந்தாரின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தவர் என்று ஹட்டன் டவுனில் ஒருவர்கூடக் கிடையாது. இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் கற்பூரம் அடித்துச் சொல்வேன். அவருடைய தாடையை எல்லோருக்கும் தெரியும். தாடைக்கு அடியில் இருக்கிற மச்சம் பஸ் கண்டக்டர்களுக்குக்கூட அத்துப்படி. ஆனால் கண் எப்படி இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள், கடைத்தெருவே தலையைச் சொறியும். மனுஷன் எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் கூரையைப் பார்ப்பார். அதற்குப் பிறகும் கூரையைத்தான் பார்ப்பார்.

அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. படிவங்களில் டைப் அடித்தவள் என்ற முறையில் எனக்கு அது தெரியும். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்ப மாட்டார். தேயிலை ஃபெக்டரியில் இருபது வருஷத்துக்கு மேல் கூரை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதன் பிறகு, காற்றில் கூரை போன கடைக்காரர்களுக்கெல்லாம் இன்சூரன்ஸ் நட்டஈட்டுக்கு எழுதிக் கொடுக்கிற வேலையைத் தானாகவே எடுத்துக்கொண்டார். அவருடைய ஆபீஸ் என் போட்டோகொப்பி கடையில் கிடந்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. வாடகை கேட்டதற்கு, "ஒன் கூரைய நான் பாத்துக்கிறேன் புள்ள" என்றார். சொன்னபடியே நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்.

அவரைக் கல்யாணத்துக்குக் கூப்பிடவும் பயம், கூப்பிடாமல் விடவும் பயம். ஹார்ட்வெயார் முதலாளி மகன் கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரம் எல்லோரும் மணமக்கள் மேல் அட்சதை போட, இவர் கையில் அரிசியை வைத்துக்கொண்டு மண்டபத்தின் தகரத்தை எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு மாப்பிள்ளையின் அப்பாவிடம் போய், "மருமக நல்ல புள்ளயாத்தான் தெரியுது. ஆனா அந்த மூலையில தண்ணி எறங்குதுங்க" என்றார். மருமகளை அவர் எப்போது பார்த்தார் என்பது இன்று வரை எனக்குப் புரியவில்லை. சாவு வீட்டிலும் இதே கதைதான். மனம் உருகித்தான் அழுவார், குறை சொல்ல முடியாது. ஆனால் கண்ணீர் கன்னத்தில் இறங்காமல் காதுக்குள் போகும். அவரால் லாபம் அடைந்தவர் எங்கள் சலூன்காரர் ஒருவர்தான். சொல்லாமலே கழுத்தைத் தூக்கிக் கொடுக்கிற வாடிக்கையாளர் அவருக்கு வேறு யார் கிடைப்பார்கள்?

படிவம் நிரப்ப உட்கார்ந்தால் எனக்கு அன்றைய பொழுது போச்சு. 'நட்டத்துக்கான காரணம்' என்று போட்டு இரண்டு விரல் அகலம் இடம் விட்டிருப்பார்கள். அண்ணாந்தார் கூரையைப் பார்த்தபடி சொல்ல ஆரம்பிப்பார்.

"எழுது புள்ள. பின்னேரம் ரெண்டு நாப்பதுக்கு காத்து கினிகத்தேனைப் பக்கமிருந்து ஏறி வந்திச்சு. மொத அடிய கூரை தாங்கிச்சு. ரெண்டாவது அடியையும் தாங்கிச்சு."

"மாமா, இது ஃபோமா, சண்டைக் கதையா? காத்துல கூரை போச்சுன்னு ஒரு வரி போட்டா பத்தாதா?"

"பத்தாது. காத்துல போச்சுன்னு மட்டும் எழுதினா, துருப்புடிச்சுத் தானா விழுந்துச்சும்பான். நல்லா இருந்த கூரை, கடைசி மட்டும் நின்னு பாத்திச்சுன்னு அவனுக்குத் தெரிய வேணாமா?"

கடைசியில் அந்த இரண்டு விரல் இடத்தில் 'இணைப்பைப் பார்க்கவும்' என்று எழுதி, பின்னால் ஆறு பக்கம் குத்தி அனுப்புவோம். என்ன மாயமோ, பெரும்பாலும் நட்டஈடு வந்துவிடும்.

அதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. வருஷா வருஷம் மே மாதம், பெரிய காற்று தொடங்குவதற்கு முன்னால், கடை கடையாகப் போய்க் கூரையைப் படம் எடுத்து வைப்பார். முதலாளி ஏணியில் ஏறி, தேதி தெரிய அன்றைய பேப்பரைக் கையில் விரித்துக்கொண்டு கூரைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். தொந்தி பெருத்த முதலாளிமார் ஏணியில் நின்று பேப்பரைப் பிடித்துக்கொண்டு நடுங்குவதைப் பார்க்கக் கூட்டம் கூடும். திட்டிக்கொண்டேதான் ஏறுவார்கள், ஆனாலும் ஏறுவார்கள்.

ஏறாத ஒரே ஆள் சிவகாமி அக்கா. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பேக்கரி வைத்திருந்தார். புருஷன் போன பிறகு தனியாளாக நின்று வளர்த்த கடை, வேலைக்குப் பன்னிரண்டு பேர். ஏணியும் கையுமாகப் போன அண்ணாந்தாரை, மா உருட்டுகிற கட்டையோடு வாசலிலேயே மறித்துவிட்டார்.

"அண்ணே, நல்லா இருக்கிற கூரைய போட்டோ புடிச்சு கண்ணு போடாதீங்க. போயிருங்க."

அக்காவின் கோபத்துக்குப் பழைய பாக்கியும் இருந்தது. அதற்கு முந்தின மாதம்தான் பேக்கரி தொடங்கிப் பத்து வருஷம் நிறைந்ததற்கு ஐயரை வைத்துப் பெரிய பூசை செய்திருந்தார். வீடியோ எடுக்கப் பாபு என்ற பையனைப் பிடித்திருந்தார். வீடியோவைப் போட்டுப் பார்த்தால், ஐயர் மணி அடிக்கிறார், பின்னால் ஒரு தாடை. அக்கா தீபம் காட்டுகிறார், பக்கத்தில் ஒரு தாடை. "அந்த ஆளு வார துண்டு ஒண்ணுகூட எனக்கு வேணாம், வெட்டி எறி" என்று அக்கா உத்தரவு போட்டுவிட்டார். பாபுவுக்குச் சொந்தமாகக் கம்ப்யூட்டர் இல்லாததால், என் கடைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து இரண்டு நாள் அண்ணாந்தாரை வெட்டிக்கொண்டிருந்தான்.

ஜூலை மாதம் அடித்ததே ஒரு காற்று, அப்பப்பா! பட்டப்பகலில் பேக்கரிக் கூரை மொத்தமும் எழும்பிப் போய்விட்டது. ஒரு தகரம் பள்ளிக்கூட மைதானத்தில் இறங்கியது. இன்னொன்று ஆட்டோ ஸ்டாண்டில் வந்து உட்கார்ந்தது. ஊரே ஃபோனைத் தூக்கிப் படம் பிடித்தது. நல்ல காலம், யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. பாண் வேகிற போறணை அடுப்புக்குள் தண்ணீர் இறங்கி, மா மூட்டையெல்லாம் களியாகிவிட்டது. "இந்த இன்சூரன்ஸ் காசு வராட்டி நான் கடையத் திரும்பத் தொறக்க மாட்டேன் புள்ள. இந்தப் பன்னெண்டு பேரும் கொழும்புக்குத்தான் போவணும்" என்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

அண்ணாந்தார் ஓடி வந்தார். கோபம் கீபம் ஒன்றும் காட்டவில்லை. விழுந்து கிடந்த ஒவ்வொரு தகரத்துக்கும் பெயிண்டால் நம்பர் போட்டார்.

"தார்ப்பாய் மட்டும் போட்டு மூடுங்க தங்கச்சி. கூட்டாதீங்க, அள்ளாதீங்க, ஒரு ஆணியக்கூட எடுக்காதீங்க. இன்சூரன்ஸ்ல இருந்து வார ஆபீசரு கண்ணால பாக்கணும்."

பிறகு இறம்பொடையில் ஒரு ஹோட்டல் கூரையைப் பார்க்கப் போனார். போகும்போது என்னிடம், "நீ பாத்துக்க புள்ள" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். போன இடத்தில் மண் சரிந்து ரோடு மூடிவிட்டது. ஃபோனும் கிடைக்கவில்லை, ஆளும் திரும்பவில்லை.

மதிப்பீட்டுக்கு ஆபீசர் வெள்ளிக்கிழமை வருகிறார் என்று கண்டியிலிருந்து தகவல் வந்தது. இங்கேதான் எங்கள் சனத்தின் புத்தி வேலை செய்தது. வீட்டுக்கு ஒரு பெரிய மனுஷன் வருகிறார், அதுவும் வெள்ளிக்கிழமை. வாசலில் ஓட்டைத் தகரமும் நனைந்த சாக்குமாகவா அவரை நிறுத்துவது? அக்கா ஒரே நாளில் எல்லாவற்றையும் கூட்டி அள்ளினார். நம்பர் போட்ட தகரங்களைப் பழைய இரும்புக்காரன் லொறியில் ஏற்றிக்கொண்டு போனான். கினிகத்தேனையில் வீடு கட்டிக்கொண்டிருந்த தம்பியிடம் புதுத் தகரத்தைக் கைமாற்றாக வாங்கி, விடிய விடிய ஆள் வைத்து அடித்தார். சுவருக்கு வெள்ளை, வாசலுக்கு மாவிலைத் தோரணம், மேசைக்கு உளுந்து வடை, கட்லட், பட்டர் கேக். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், வாசலில் கோலம் போட்டது நான்தான். அதுவும் சாதாரணக் கோலம் இல்லை, பொங்கலுக்குப் போடுகிற பெரிய கோலம்.

வந்தவர் தமிழ் தெரிந்த சிங்கள ஆபீசர், தங்கமான மனுஷன். சிங்கள வழக்கப்படி ஐயா என்பதற்கு 'மாத்தியா' என்றுதான் அவரைக் கூப்பிட்டோம். கோலத்தை மிதிக்காமல் சுற்றி வந்தார். பிளேன்டீ குடித்தார். மூன்று கட்லட் சாப்பிட்டார். பிறகு பைலைத் திறந்து மேலே பார்த்தார்.

"கூரை ரொம்ப நல்லா இருக்கே. நட்டம் எங்கே?"

பன்னிரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பன்னிரண்டோடு அக்காவும் நானும்.

"ஒடஞ்சத எல்லாம் அள்ளிட்டோம் மாத்தியா. நீங்க வாரீங்கன்னுதான்" என்றார் அக்கா.

ஆபீசர் பேனாவை மூடி வைத்தார். என்னைத் தங்கை முறை சொல்லி, "நங்கி" என்று கூப்பிட்டார். "நங்கி, கூரை பறந்த வீடியோ எல்லாரும் அனுப்பினது, நானும் பார்த்தேன். அது சரி. ஆனா பறக்க முன்னாடி அந்தக் கூரை நல்லா இருந்ததா? துருப்பிடிச்ச கூரைக்கு கம்பனி குடுக்காது. தகரம் இருந்தா நான் பார்த்து எழுதலாம். தகரமும் இல்ல, பழைய போட்டோவும் இல்ல. நான் என்ன எழுத?"

அந்த நேரம் பார்த்து அண்ணாந்தார் இறம்பொடையிலிருந்து சேறும் தண்ணியுமாக வந்து சேர்ந்தார். உள்ளே வந்தார், வழக்கம் போல மேலே பார்த்தார். பளபளவென்று புதுத் தகரம். பிறகு மெல்லத் தலையைக் குனிந்தார். நான் அறிய அவர் தலை குனிந்தது அதுதான் முதல் தடவை. கீழே கோலம் இருந்தது.

"யாரு போட்டது?"

"நான்தான் மாமா."

"நல்லா இருக்கு புள்ள" என்றார்.

ஒரு அறை விட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. அக்கா வாய்விட்டு அழுதார். "மே மாசம் நீங்க ஏணியோட வந்தப்ப நான் ஏறியிருக்கணும்ணே."

"விடுங்க தங்கச்சி. கண்ணு படுமேன்னு பயந்தீங்க, அம்புட்டுத்தானே. ஒங்க பூசை அன்னைக்கு நான் நல்லாப் பாத்தேன், அது அருமையான கூரை. நான் பாத்தத இவருக்கு எப்பிடிக் காட்டுறது, அதான்."

அவர் அதைச் சொல்லி முடிக்கவில்லை, என் மண்டைக்குள் பல்ப் எரிந்தது. "மாத்தியா, பத்து நிமிஷம் இருங்க. இல்ல, இருக்க வேணாம், என்கூட வாங்க" என்று கத்திவிட்டேன். ஆபீசருக்கு நானுஓயாவில் இன்னொரு கூரை காத்திருந்தது. மணியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், எழுந்துவிட்டார். கொட்டுகிற மழையில் பஸ் ஸ்டாண்டுக்குக் குறுக்கே ஒரு குடைக்குள் நானும் ஆபீசரும் ஓட, பின்னால் அக்கா ஓட, அக்காவுக்குப் பின்னால் ஏப்ரனோடு பன்னிரண்டு பேர் ஓட, கடைசியில் அண்ணாந்தார் வழியில் இருந்த கடைக் கூரைகளை எல்லாம் பார்த்துக்கொண்டே ஓடி வந்தார்.

பாபு வெட்டியதை அழிக்கவில்லை. சோம்பேறிப் பயல், அவனுக்குக் கோடிப் புண்ணியம். கம்ப்யூட்டரில் 'அண்ணாந்தார், வேணாம்' என்று பெயர் போட்டு ஒரு ஃபோல்டர் அப்படியே கிடந்தது. முதல் துண்டைப் போட்டேன். தாடை வந்தது. மனுஷன் அப்படி என்னத்தைத்தான் பார்க்கிறார் என்று பாபுவுக்கும் பொறுக்கவில்லை போல, கேமரா மெதுவாக மேலே ஏறியது. பேக்கரியின் பழைய கூரை, பட்டப்பகல் வெளிச்சத்தில், ஆணி ஆணியாகத் தெரிந்தது. ஒன்று இரண்டு இல்லை, ஒன்பது துண்டு. மூலைக்கு மூலை, தகரத்துக்குத் தகரம், பூசை நடந்த தேதியோடு. கூடவே அவர் குரலும் கேட்டது.

"சாமி, நீங்க மந்திரத்த நிப்பாட்டாதீங்க, நான் சும்மா சொல்றேன். இந்த ஆணியப் பாருங்க, ஒரு பொட்டுத் துரு இருக்கா? எல்லாத்துக்கும் புது வாஷர். இந்தப் பொம்பள கூரைய எப்பிடி வச்சிருக்கு பாத்தீங்களா?"

அதற்குப் பின்னாலேயே அக்காவின் குரல். "யாராச்சும் அந்த ஆள வெளிய கூட்டிட்டுப் போங்களேன்."

ஆபீசர் சிரித்த சிரிப்பில் என் கடைக் கண்ணாடி அதிர்ந்தது. இன்னொரு தரம் போடச் சொன்னார். ஒன்பதையும் பென்டிரைவில் வாங்கிக்கொண்டு பைலைத் திறந்தார். "முன்னைய நிலை நன்று, காணொளி இணைப்பு" என்று எனக்குப் படித்துக் காட்டியே எழுதினார். அக்கா அழுதுகொண்டே சிரித்தார். பன்னிரண்டு பேரும் என் கடைக்குள் குதித்ததில் ஒரு பேப்பர் அடுக்கு சரிந்து விழுந்தது. அண்ணாந்தார் மட்டும் திரையைப் பார்க்கவில்லை. "ஒன் கூரையில ஒரு ஆணி தளர்ந்திருக்கு புள்ள" என்றார்.

சில வாரத்தில் நட்டஈடு வந்தது. தம்பியின் தகரம் கினிகத்தேனைக்குத் திரும்பிப் போனது, பேக்கரிக்குச் சொந்தக் கூரை ஏறியது. அன்று அக்காவே ஆள் அனுப்பினார். "அண்ணன பேப்பரோட வரச் சொல்லு." புதுக் கூரைக்கு அடியில் அண்ணாந்தாரை நடுவில் நிறுத்தி, கையில் அன்றைய பேப்பரைக் கொடுத்தார். நாங்கள் சுற்றி நின்றோம். பாபு கேமராவைத் தூக்கியதும் அக்கா, "எல்லாரும் மேல பாருங்க, அண்ணே பாக்குற மாதிரி" என்றார். எல்லோரும் பார்த்தோம்.

படம் வந்த பிறகுதான் தெரிந்தது. பதினாலு தாடை வரிசையாக இருக்கிறது. ஒருவர் மட்டும் மேலே பார்க்கவில்லை. எல்லோரும் என்ன செய்கிறோம் என்று தலையை இறக்கி எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சின்னக் கண்கள், ஓரத்தில் சிரிப்பு, கொஞ்சம் ஈரம். இவ்வளவு நல்ல கண்ணை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் தகரத்துக்குக் காட்டியிருக்கிறாரே என்று எனக்கு ஆத்திரமே வந்தது.

இப்போது முழங்கால் வலி, வாரத்தில் இரண்டு நாள்தான் கடைக்கு வருகிறார். அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, அவர் நாற்காலிக்கு நேர் மேலே, கூரையில் ஒட்டி வைத்திருக்கிறேன். அங்கே ஒட்டினால்தான் எங்களை அவர் பார்ப்பார்.