ஐந்து கோச்சு, ஒரு சாமி

கூட்டம் என்றால் அப்படிக் கூட்டம்! சம்பள நாளில்கூட எங்கள் தோட்டத்தில் அத்தனை பேர் ஓரிடத்தில் நின்றதில்லை. தேயிலைச் சரிவில் பனி இன்னும் கலையவில்லை; அதற்குள் மூன்றாம் டிவிஷன் லயத்து வரிசை வீடுகள் முழுக்கக் காலியாகி, ஸ்வெட்டரும் கம்பளிக் குல்லாவுமாக முனியாண்டி கோயிலைச் சுற்றி எல்லாரும் நின்றுவிட்டார்கள். பக்கத்து ஊர்த் திரிங்காப்பிலிருந்து முட்டைக்கோஸ் லோரியில் தொற்றிக்கொண்டு சொந்தக்காரர்கள் வேறு வந்திருந்தார்கள். திருவிழாவா? இல்லை. எங்கள் பந்து டீமின் கோச்சு இருக்க வேண்டுமா, போக வேண்டுமா என்று முனியாண்டி சொல்லப் போகிறார்!

முனியாண்டிக்குப் பந்தாட்டம் தெரியுமா என்று கேட்டுவிடாதீர்கள். அந்த 1978-ஆம் வருஷத்தில் அப்படிக் கேட்டிருந்தால் லயத்துக் குழாயில் உங்களைத் தண்ணீர் பிடிக்க விட்டிருக்க மாட்டார்கள்.

முனியாண்டி தாமாகப் பேச மாட்டார். அவருக்காகப் பேச ஒரு ஆள் இருந்தார். பெயர் செல்லையா. ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஈப்போ பக்கமிருந்து ஒரு துணிமூட்டையோடு வந்து இறங்கியவர். தாடி வளர்ந்ததும் 'பூக்கட்டுச் சாமி' ஆகிவிட்டார். சிவப்புப் பூ ஒன்று, வெள்ளைப் பூ ஒன்று, தனித்தனியாக இலையில் ஒரே மாதிரி கட்டி, சாமி காலடியில் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரிப்பது. வெள்ளை வந்தால் நல்லது, சிவப்பு வந்தால் ஆகாது. கல்யாணத்துக்கும் காது குத்துக்கும் நம் ஆட்கள் பார்க்கிற பழக்கம்தான். அதைப் பந்தாட்டத்துக்கு இழுத்து வந்த மேதை எங்கள் செல்லையா.

அவருடைய முதல் பக்தர் கருப்பையா. தோட்டத்து லோரி டிரைவர், பந்து கிளப்புக்குத் தலைவர். நல்ல மனுஷன். பந்து என்றால் உயிரையே விடுவார். ஒவ்வொரு வருஷமும் புதுக் கோச்சு வந்ததும் லோரியின் கதவைத் தட்டித் தட்டிச் சொல்வார்:

"இந்த வருசம் பாருலா! கப்பு நம்ம கையில. இந்தக் கோச்சு வேற மாதிரி!"

ஐந்து வருஷம் ஐந்து கோச்சும் வேற மாதிரிதான். கோச்சை வைக்கலாமா என்று சாமி கட்டிப் பார்த்த ஐந்து தடவையும் வெள்ளைப் பூதான் வந்தது. ஐந்து தடவையும் தானா ராத்தா பாடாங் மைதானத்தில் கம்போங் ராஜா டீம் எங்களை உதைத்து அனுப்பியது. தோற்றுத் திரும்பி வந்தால் சாமி கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்:

"பூ பொய் சொல்லுமா? ஆளு சுத்தமில்ல. கோச்ச மாத்து."

மாற்றினார்கள். மூன்றாவது கோச்சு தங்கராஜு. அவர் காலத்தில் ஃபைனல் வரை போனோம். அங்கே எங்கள் ஆளே எங்கள் கோலுக்குள் பந்தை அடித்தான். அதற்குத் தங்கராஜு என்ன செய்வார், பாவம்! ஆனால் காப்பிக் கடையில் அவர் உட்கார்ந்தால் பக்கத்து மேசை எழுந்துவிடும். அதற்குப் பிறகு அந்த மனுஷன் பாடாங்கைத் தாண்டி வேலைக்குப் போவதில்லை. மலையைச் சுற்றிப் போவார்.

கோச்சு ஐந்து பேர் மாறினார்கள். சாமி மாறவில்லை. கொஞ்சம் யோசித்தால் புரிந்திருக்கும். யோசிக்கத்தான் எங்களுக்கு நேரமில்லையே, படையல் கொண்டுபோகவே நேரம் சரியாக இருந்தது! டீம் ஜெயிக்க வீட்டுக்கு வீடு முட்டை கொடுக்க வேண்டும். முனியாண்டிக்கு முட்டை பிடிக்குமாம். ஆட்டத்துக்கு முதல் நாள் ஆட்டக்காரர்களுக்குப் பட்டினி விரதம், சாமிக்கு ஆம்லெட். நானும் விரதம் இருந்தவன்தான். அந்த டீமில் ஆறு வருஷமாக ரிசர்வ். பெஞ்சில் உட்காருவதற்கு எதற்குப் பட்டினி என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. என் புத்தியும் அவ்வளவுதான்.

ஆறாவதாக வந்தவர் ஹரோல்ட். கிறிஸ்தவர், தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். மிஷின் கோளாறானால் எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்க்கிறவர். டீமையும் அப்படித்தான் பார்த்தார்.

"நம்ம பசங்களுக்குக் கால் இருக்கு, மூச்சு இல்ல," என்றார். "இன்னையிலேர்ந்து தினமும் தொழிற்சாலை வரைக்கும் ஏறி ஓடணும். பட்டினி கிட்டினி கிடையாது. ஆளுக்கு ரெண்டு முட்டை தின்னணும்."

வீட்டு முட்டைகள் ஆட்டக்காரர்கள் வயிற்றுக்குப் போயின. அந்த வருஷம் வரிசையாக நாலு ஆட்டம் ஜெயித்தோம். ஃபைனல், மறுபடி கம்போங் ராஜாவோடு. கருப்பையா தரையில் நடக்கவில்லை.

"வேலாயி, இந்த ஆளு வேற மாதிரிடி!"

"அஞ்சு வருசமா இதையேதான் சொல்றீங்க," என்றாள் அவர் மனைவி வேலாயி.

வேலாயியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்கு எழுதுகிற கிராணிக்கே அவளிடம் கொஞ்சம் பயம். கூடையோடு நிறுத்துவிட்டு, கூடைக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். மற்றவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். வேலாயி நகர மாட்டாள். "வெறுங்கூடையையும் தூக்கி மாட்டுங்கய்யா, பாத்துக்கறேன்" என்பாள். பார்த்துவிட்டுத்தான் போவாள்.

முட்டை வரத்து நின்றால் சாமிக்குக் கோபம் வராதா? வந்தது. ஃபைனலுக்கு ஒரு வாரம் இருக்கையில் சாமிக்கு அருளும் வந்தது.

"டேய், வேதக்கார ஆள வச்சு என்னை அவமானப்படுத்துறீங்களா? பூக்கட்டிப் பாருங்கடா! நான் சொல்றேன், அவன் இருக்கணுமா போவணுமான்னு!"

அதற்குத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்.

ஹரோல்ட் ஒரு ஓரமாக, கழுத்தில் விசிலோடு நின்றார். கருப்பையாவின் முகம் வெளுத்திருந்தது. ஒரு பக்கம் கோச்சு, ஒரு பக்கம் முனியாண்டி. இரண்டு பேரையும் முழுசாக நம்புகிறவன் பாடு பெரும்பாடு.

சாமி வெள்ளை ரோஜா ஒன்றையும் சிவப்பு ரோஜா ஒன்றையும் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டினார். வழக்கம்போல் சிலைக்குப் பக்கத்துத் திரைக்குப் பின்னால் போனார். கட்டுகிறதை முனியாண்டி மட்டும்தான் பார்க்கலாமாம். இரண்டு பொட்டலத்தோடு வந்து காலடியில் போட்டார். உடுக்கை ஒலித்தது. சாம்பிராணிப் புகையில் எல்லாருக்கும் கண் எரிந்தது. பக்தியில் அழுகிறோம் என்று நினைத்துக்கொண்டோம்.

"தலைவரே, எடு!"

கருப்பையா கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். பிரித்தார். சிவப்பு!

கூட்டம் 'ஐயோ' என்றது. சாமி மற்றப் பொட்டலத்தை எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டார். அதை ஆற்றில் விட வேண்டும், யாரும் பிரிக்கக்கூடாது, பிரித்தால் கண் போய்விடும். ஐந்து வருஷமும் அதுதான் சட்டம்.

கருப்பையா ஹரோல்ட் முன்னால் போய் நின்றார்.

"கோச்சு... மன்னிச்சிடுங்க. அந்த விசில குடுத்துடுங்க."

"அண்ணே, இன்னும் ஏழு நாள்தான் இருக்கு," என்றார் ஹரோல்ட். "பசங்க தயாரா இருக்காங்க. பூவா ஓடப்போவுது?"

"என் கையாலதான எடுத்தேன், கோச்சு!" கருப்பையா அழுதே விட்டார்.

ஹரோல்ட் விசிலைக் கழற்றி அவர் கையில் வைத்தார். அப்போதுதான் பின்னாலிருந்து குரல் வந்தது.

"சாமி, அந்த இன்னொண்ணையும் பிரிங்க. பாத்துக்கறேன்."

வேலாயி! கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"என்ன பொம்பள நீ? கண்ணு போயிடும்!"

"என் கண்ணுதான, போவட்டும். கூடையோட நிறுத்தா வெறுங்கூடையையும் நிறுத்துக் காட்டணும். கிராணியே காட்டுறாரு. முனியாண்டி கிராணிய விட மட்டமா? ஒண்ணு செவப்புன்னா அது வெள்ளையாத்தான இருக்கணும்? காட்டுங்க."

"வேலாயி, வேணாம்லா..." என்றார் கருப்பையா.

"நீங்க சும்மா இருங்க. அழுவறதுக்கு முன்னாடி பாத்துட்டு அழுங்க."

சாமிக்கு உடனே அருள் வந்துவிட்டது! ஆடினார், உறுமினார், மண்ணில் புரண்டார். உடம்பெல்லாம் ஆடுகிறது, வலது கை மட்டும் பொட்டலத்தை இறுக்கிக்கொண்டு ஆடாமல் கிடக்கிறது. அந்தக் கைக்கு மட்டும் அருள் வரவில்லை போலும். தினமும் கொழுந்து கிள்ளுகிற விரலிடம் அது என்ன செய்யும்? வேலாயி ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். இலையைப் பிரித்தாள். தூக்கிக் காட்டினாள்.

அதுவும் சிவப்பு.

கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு முன்னால் வந்தது.

"அப்ப நம்மகிட்ட காட்டுன வெள்ளைப் பூ எங்க?" என்றாள்.

நான்தான் போய்த் திரையை இழுத்தேன். ஆறு வருஷ ரிசர்வில் அன்றைக்குத்தான் எனக்கு ஆட்டத்தில் இடம் கிடைத்தது. பின்னால் வெள்ளை ரோஜா, ஒரு கூடை, அதில் நிறையப் பழைய முட்டை ஓடு. முனியாண்டி தின்ற ஓடாக்கும்!

"அப்ப முன்னாடி வந்ததெல்லாம்?" என்று யாரோ கேட்டார்கள். கேட்டவனுக்கே பதில் தெரிந்துவிட்டது. இரண்டும் சிவப்பாகலாம் என்றால் இரண்டும் வெள்ளையாகவும் ஆகலாமே.

கூட்டத்தின் கடைசியில் தங்கராஜு நின்றிருந்தார். மூன்று வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் அந்தப் பக்கம் வந்திருந்தார். அவர் சாமியிடம் எதுவும் கேட்கவில்லை. எங்களிடம் கேட்டார்.

"அந்த ஆளு ஏமாத்துனான், சரி. என்கூட காப்பி குடிக்காம எந்திரிச்சது நீங்கதானடா?"

எனக்குத் தலை நிமிரவில்லை. பக்கத்து மேசையிலிருந்து எழுந்தவர்களில் நானும் ஒருவன். கருப்பையா விசிலைக் கொண்டுபோய் ஹரோல்ட் கழுத்தில் மாட்டினார். பிறகு தங்கராஜு கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

சாமி மத்தியான பஸ்ஸில் துணிமூட்டையோடு மலையிறங்கிப் போய்விட்டார். கண் பார்வை யாருக்கும் போகவில்லை. சொல்லப்போனால் எங்களில் சிலருக்கு அன்றைக்குத்தான் வந்தது.

ஃபைனல்? தோற்றோம். ஆளுக்கு ஒரு கோல் என்று சமமாகி, பெனால்ட்டியில் போனது. ஆனால் அந்த வருஷம் யாரும் கோச்சை மாற்றவில்லை. திரும்பி வரும்போது கருப்பையா லோரியின் கதவைத் தட்டினார்.

"அடுத்த வருசம் பாருலா! கப்பு நம்ம கையில!"

"எப்படிண்ணே சொல்றீங்க? பூ பாத்தீங்களா?" என்றேன்.

"பசங்க மேடு ஏர்றதப் பாத்தேன்லா. இன்னைக்கு ஆட்டத்துல கடைசி நிமிசம் வரைக்கும் ஒருத்தனுக்கும் மூச்சு வாங்கல."

இப்போது வேறு வேறு சாமிகள் வருகிறார்கள். தாடி இல்லாதவர்கள், கோட்டு போட்டவர்கள், காரில் வருகிறவர்கள். எல்லாரும் கையில் ஒரு பொட்டலம்தான் வைத்திருக்கிறார்கள். உங்கள் டீம் ஜெயிக்கும் என்று தாராளமாக நம்புங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் ஒரு மனுஷன் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றச் சொன்னால், முதலில் அந்த இன்னொரு பொட்டலத்தைப் பிரிக்கச் சொல்லுங்கள். கண் போகாது, நான் உத்தரவாதம்.