பஸ்ஸில் போகக்கூடிய தீவு

யஹ்யா தன் வீட்டில் ஒருநாளும் "இல்லை" என்று சொன்னது கிடையாது. இல்லை என்றால் சண்டை வரும். ஓம் என்றால் செலவு வரும். ஆகவே முதலில் ஓம் என்பார். பிறகு உடம்புக்கு ஒரு வருத்தத்தை வரவழைத்துக்கொள்வார். தண்ணீரூற்றுச் சந்தியில் பிளாஸ்ரிக் சாமான் கடை வைத்திருக்கும் மனுசனுக்கு இத்தனை வருத்தம் எங்கிருந்து வருகிறதென்று டொக்டர்மாருக்கே விளங்கவில்லை. நுவரெலியா என்றால் மூட்டுவலி. கொழும்பு என்றால் தும்மல்.

அந்த வெள்ளிக்கிழமை காலை அவர் புட்டுக்குள் வாழைப்பழத்தைப் பிசைந்துகொண்டிருந்தபோது மனைவி ஸுஹறா வந்து நின்றாள்.

"இஞ்சாருங்கோ, இந்த லீவுக்கு ஒரு தீவுக்குப் போவம். நாலு பக்கமும் கடல், தென்னைமரம், வெள்ளை மணல். மாலைதீவுக்கு இப்ப ரிக்கற் விலையில நல்ல கழிவு போட்டிருக்கினமாம்."

"ஓம்," என்றார் யஹ்யா. புட்டுத் தட்டை ஒரு பக்கம் தள்ளினார். "ஆனா மாலைதீவெண்டால் மாலையிலதானே போகோணும்? மாலையிலதான் கடையில சனம்."

"காலையிலயும் பிளேன் இருக்கு வாப்பா," என்றாள் மகள் இஷ்ரா. பத்தாம் வகுப்பு. ரெலிபோனும் கையும் ஒட்டிப் பிறந்த பிள்ளை.

"பிளேனோ!" யஹ்யா இரண்டு காதையும் பொத்தினார். "உயரமெண்டால் என்ர காதுக்கு ஆகாது. தலை சுத்தும்."

"எப்ப தொடக்கம்?"

"சின்னனில இருந்து."

சொன்னதை நிரூபிக்க வேண்டுமே. பின்னேரம் ஸுஹறா கடைக்கு வந்தபோது, மேல்தட்டு வாளி ஒன்றை எடுக்கவென்று ஏணியில் ஏறினார். மூன்றாம் படியில் கண்ணைச் சொருகினார். "யா அல்லாஹ்!" என்று கையை விட்டார். பேசின்கள் அடுக்கியிருந்த பக்கம் பார்த்துத்தான் விழுந்தார். மனுசன் தப்பினார், பேசின்கள் தப்பவில்லை. வாளி வாங்க வந்த பெண் பயந்துபோய் அடுத்த கடையில் வாங்கினாள்.

ஸுஹறா பதறவில்லை. கைப்பையிலிருந்து இஷ்ராவின் பழைய கொப்பியை எடுத்தாள். "பிளேன் கூடாது" என்று எழுதினாள்.

"அப்ப நெடுந்தீவுக்குப் போவம். காசும் குறைவு. படகிலதானே."

"ஓம், ஓம். படகெண்டால் எனக்குக் குடலைப் பிரட்டிச் சத்தி வருமே!"

"சத்தி வாறது சத்தியமோ?"

"சத்தியமா!"

அடுத்தநாள் இஷ்ரா ஒரு கடலலை வீடியோவை வாப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். யஹ்யா பத்து வினாடி பார்த்தார். பிறகு வெடித்த பேசின் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, மனித வயிற்றில் இருக்கக்கூடிய சத்தம் எல்லாவற்றையும் வெளியே விட்டார். பூனை மதிலேறி ஓடியது.

"வாப்பா, அலை இன்னும் வரேல்லை. இது சவர்க்கார விளம்பரம்."

"நுரையைக் கண்டாலே எனக்கு அப்பிடித்தான்," என்றார் யஹ்யா, வாயைத் துடைத்துக்கொண்டு.

ஸுஹறா எழுதினாள்: படகு கூடாது.

"வேற?" என்று கேட்டாள்.

அந்த "வேற"தான் அவரைக் கெடுத்தது. யஹ்யாவுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. அந்தமானும் வேண்டாம் எந்தமானும் வேண்டாம் என்றார். கடைச் சாப்பாடு வயிற்றுக்கு ஆகாது, வீட்டுச் சமையல்தான் வேணும். ஹோட்டல் மெத்தையில் இடுப்பு நாரி பிடிக்கும், வீட்டுக் கட்டில்தான் சரி. வேற பாஷை கேட்டால் தலையிடி. நாளுக்கொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். ஸுஹறா ஒன்றுக்கும் மறுத்துப் பேசாமல் எழுதிக்கொண்டே போனாள். மறுத்துப் பேசாத ஸுஹறாவை அவர் கல்யாணம் கட்டிய நாளிலிருந்து கண்டதில்லை. அதிலாவது உசாராகியிருக்க வேண்டும்.

பன்னிரண்டாம் நாள் பின்னேரம் பக்கத்து வளவு அப்புத்துரை வந்திருந்தார். நில அளவையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். சாட்சிக்கு ஆள் கிடைத்த சந்தோசத்தில் யஹ்யா அவருக்குக் கதிரையும் தேத்தண்ணியும் பணிஸும் கொடுத்தார்.

"அண்ணை, நான் போகமாட்டன் எண்டு சொல்லேல்லை. தீவெண்டால் நாலு பக்கமும் தண்ணி இருக்கோணும். ஆனா பிளேனும் கூடாது, படகும் கூடாது, ஹோட்டலும் கூடாது. தமிழ் கதைக்கிற இடமா இருக்கோணும். அப்பிடி ஒரு தீவை இவ காட்டட்டும், நாளைக்கே கடையைப் பூட்டிப்போட்டுக் கூட்டிக்கொண்டு போறன்!"

"உங்களுக்கு முன்னால சொல்லுறார் அண்ணை. கேட்டுக்கொள்ளுங்கோ," என்றாள் ஸுஹறா, குசினி வாசலில் நின்றபடி. பிறகு சொன்னாள்: "மன்னார்."

தேத்தண்ணி யஹ்யாவின் மூக்கால் வந்தது.

"மன்னாரெல்லாம் ஒரு தீவே?"

"தீவுதான் தம்பி," என்றார் அப்புத்துரை. "நானே அளந்திருக்கிறன். சுத்திவரக் கடல். பாலத்தால பஸ் போகுது." இரண்டாவது பணிஸை எடுத்தார்.

மன்னாரில்தான் ஸுஹறாவின் தங்கை நஸ்மியா இருக்கிறாள். அவள் வீடு குடிபுகுந்த அன்று யஹ்யா தன் கடைக் கதிரைகளை அன்பளிப்பாகக் கொண்டுபோயிருந்தார். முதல் கதிரையில் ஒரு கனத்த மனுசன் இருந்தார். கதிரை நாலு காலையும் நாலு திசைக்கு விரித்துப் படுத்துவிட்டது. நஸ்மியாவின் புருசன் றிஃபாத் சிரித்துவிட்டான். அவன் மன்னிப்புக் கேட்கும்வரை மன்னார் மண்ணை மிதிப்பதில்லை என்று யஹ்யா சபதம் போட்டு நாலு வருசம். இடையில் நஸ்மியாவுக்கு ஒரு பிள்ளை பிறந்து, நடக்கவும் தொடங்கிவிட்டது. ஸுஹறா அதை ரெலிபோனில்தான் பார்த்திருக்கிறாள்.

யஹ்யா அவசரமாக ஒரு வருத்தம் தேடினார். காதைப் பயன்படுத்தியாயிற்று. வயிறு, நாரி, தலை எல்லாம் கொப்பியில் ஏறிவிட்டன. உடம்பில் மிச்சமாக ஒரு உறுப்பில்லை.

"எனக்கு... பஸ்ஸெண்டால்..."

"கிழமைக்கு ரெண்டுதரம் சாமான் எடுக்க வவுனியாவுக்கு எதில போறீங்கோ?"

மறுநாள் வவுனியாவில் பஸ் மாறினார்கள். பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் தண்ணீர் மின்னியது. "காத்து நல்லாயிருக்கு," என்று தன்னை மறந்து சொல்லிவிட்ட யஹ்யா, உடனே முகத்தைக் கடுப்பாக்கிக்கொண்டார். றிஃபாத்தைக் கண்டால் ஒரு வார்த்தை பேசுவதில்லை. முதலில் மன்னிப்பு வரட்டும்.

பஸ் நிலையத்தில் றிஃபாத் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றான். ஓடிவந்து, பிள்ளையை ஸுஹறாவிடம் கொடுத்துவிட்டு, யஹ்யாவைக் கட்டிப்பிடித்தான். கண் கலங்கியிருந்தது.

"யஹ்யா நானா, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நீங்கள்தான் பெரிய மனுசன். 'றிஃபாத்தைப் பாக்காமல் சோறு இறங்கேல்லை, என்னை மன்னாருக்குக் கூட்டிக்கொண்டு போ' எண்டு நீங்கள் அழுததை ஸுஹறா ராத்தா போன மாசமே சொல்லிப்போட்டா. அண்டைக்கே உங்கட அறைக்கு வெள்ளையடிச்சுப்போட்டன்."

போன மாசமா? தீவுக் கதை தொடங்கியே இரண்டு கிழமை ஆகவில்லை. யஹ்யா மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் தங்கையின் பிள்ளையை நெஞ்சோடு அணைத்து, அதன் உச்சியை மோந்துகொண்டிருந்தாள். இப்படி ஒரு முகத்தை அவளிடம் கண்டு கனகாலம். உண்மையைச் சொல்லத் திறந்த வாயை யஹ்யா ஒருதரம் மூடினார்.

"ஓம் தம்பி," என்றார் பிறகு. "நான்தான் கேட்டனான்."

ஸுஹறா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு றிஃபாத்தைப் பார்த்தாள்.

"நான் எவ்வளவோ மறிச்சுப் பாத்தனான் தம்பி. இந்த மனுசன் கேட்டால்தானே!"