ஒரு கைப்பிடித் தேயிலை

மனித அறிவு எட்டிய உச்சம் கலவைக் கணக்குதான். இரண்டு விலைச் சரக்கை ஒன்றாகக் கொட்டுவதை ஊரறியக் கரும்பலகையில் எழுதலாம். அதற்கு மதிப்பெண்ணும் உண்டு. இந்தப் பாக்கியம் எங்கள் மளிகைத் தொழிலுக்கு வாய்க்கவில்லை.

என் மகளின் பரீட்சையில் இப்படியொரு கேள்வி வந்தது: “கிலோ முந்நூறு, ஐந்நூறு என இரு விலைத் தேயிலைகளைக் கலந்து, கிலோ நானூற்றிருபது பெறும் கலவை பத்துக் கிலோ தயாரிக்க வேண்டும். உயர்ந்த தேயிலை எவ்வளவு தேவை?”

விடுமுறையில் கல்லாவில் உட்கார்ந்து வளர்ந்த பிள்ளை யோசிக்கவேயில்லை. “ஒரு கைப்பிடி. மேலே தூவினால் போதும். விலை ஐந்நூறு” என்று எழுதிவிட்டாள்.

மறுநாளே தலைமையாசிரியையின் அறைக்கு என்னை “அன்புடன்” அழைத்தார்கள்.

“உங்க பொண்ணு எழுதினதைப் பாத்தீங்களா?”

“கையெழுத்து முத்து முத்தா இருக்கு மேடம்.”

கணக்கு டீச்சர் கொதித்தார். “எக்ஸ் ஈக்குவல் டு ஆறு கிலோ வரணும் சார்!”

“ஆறு கிலோவா? கட்டுப்படியாகுமா டீச்சர்?” என் கவலை உண்மையானது.

தலைமையாசிரியை மேசையைத் தட்டி, ஓரமாக நின்ற என் மகளைக் காட்டினார். “இது கணக்கில்ல, மோசடி. இவளை அடுத்த வகுப்புக்கு அனுப்ப முடியாது.”

என் தொழில் ரகசியத்துக்கு என் பிள்ளையா ஒரு வருஷம் அழவேண்டும்?

மகள் அழவில்லை. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினாள். “மேடம், வாசல்ல நம்ம ஸ்கூல் பேனர் இருக்கே. அதுல முதல் மார்க் வாங்கின மூணு அக்கா போட்டோதான் இருக்கு. மத்தவங்கள்லாம் உள்ள இருக்கோம். ஆனா பீஸ் எல்லாருக்கும் ஒண்ணுதானே?”

தலைமையாசிரியை ஒரு டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

“டீச்சர், வழிமுறைதான் வேற. விடை சரின்னு போட்டுடுங்க.”

“மார்க் எவ்வளவு மேடம்?”

“முழுசா. குழந்தை ரொம்ப கூர்மை.”

மகள் மேல் வகுப்புக்குப் போனாள். நானும் பெருந்தன்மையாக வெளியே யாரிடமும் மூச்சு விடவில்லை. சக வியாபாரியின் சரக்கைக் குறை சொல்வது எங்கள் மரபல்ல. ஒன்று மட்டும் சொல்வேன். என் கடைத் தேயிலையின் லட்சணம் முதல் கொதியில் தெரிந்துவிடும், பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்துச் சண்டை போடலாம். அங்கே வாங்கியதன் லட்சணம் தெரிய உங்கள் பிள்ளை வளர்ந்து வேலை தேடிப் போகவேண்டும். பிள்ளையை யாரிடம் திருப்பிக் கொடுப்பீர்கள்?