அட்டைப்படத்துக்கு அகப்படாத முகங்கள்

அன்புள்ள ஆசிரியர் சுபாஸ்ரீ அம்மா அவர்களுக்கு, லோத்குண்டாவிலிருந்து நிருபர் சீனிவாசன் எழுதுவது. இங்கு நானும் என் மனைவி ரமணியும் நலம். நீங்களும் அச்சகத்தாரும் நலமாக இருக்க வேண்டும், குறிப்பாக இதைப் படித்து முடித்த பிறகும்.

இப்போதைக்கு உறுதியான செய்தி: நம் இதழுக்கு அட்டைப்படம் இல்லை. ஆதாரம் என் கேமரா. இரண்டு முறை பார்த்துவிட்டேன்.

ராமச்சந்திராபுரத்தில் ஓரினக் காதலர்களும் திருநங்கைகளும் அவர்களைச் சேர்ந்தவர்களும் முதன்முதலாக ஞாயிறன்று நடத்திய வானவில் ஊர்வலத்தைப் படமெடுக்க அனுப்பினீர்கள், போனேன். ஏற்பாட்டாளர் ஸ்ரீஜா மைக்கில் ஒரே விதிதான் சொன்னார்: வீட்டுக்குத் தெரியாமல் வந்தவர்கள் கையில் சிவப்புக் கயிறு கட்டியிருப்பார்கள், அவர்கள் முகத்தை யாரும் எடுக்கக் கூடாது. நல்ல விதி, ஆனால் அது இங்குள்ள அம்மன் திருவிழாவான போனாலு பண்டிகை முடிந்த வாரம், கேமராவைத் தூக்கினால் எல்லார் கையிலும் சிவப்புக் கயிறு, எது அம்மன் கோயில் கயிறு, எது ஸ்ரீஜா கொடுத்தது என்று எப்படிச் சொல்வது? தப்பட்டை அடித்தவர் கையில் கயிறு, காவலுக்கு வந்த கான்ஸ்டபிள் கையில் தர்கா கயிறு, "நக்கோ சார், என் முகமும் நக்கோ" என்று, வேண்டாம் என்பதை இந்த ஊர் உருதுவில் சொல்லி, அவரும் தொப்பியை இறக்கிக்கொண்டார், என் கையிலேயே ரமணி கட்டிவிட்ட கயிறு இருந்ததால் ஸ்ரீஜா என்னை ஓரமாக அழைத்து, தனக்குத் தெரிந்த தமிழில், "பயப்படாதீங்க அங்கிள், வீட்ல மெதுவா சொல்லிக்கலாம்" என்று தண்ணீர் பாட்டில் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன், வெயில். ஆக என்னிடம் இருப்பவை முதுகுகள், செருப்புகள், ஒரு தப்பட்டை.

கயிறில்லாத கை ஒன்றுதான் அகப்பட்டது. ரோஸ்லின் என்ற திருநெல்வேலிக்காரர், 'என் மகனுக்காக நடக்கிறேன்' என்ற அட்டையோடு வந்தார். "என்னை நல்லா எடுங்க அண்ணாச்சி. 'ரஞ்சனுக்குப் பொண்ணு பாத்தாச்சா'ன்னு போன் போட்டுக் கேக்காவல்லா, அவுக எல்லார் வீட்லயும் உங்க புத்தகந்தான் வாங்குதாவ. ஒரே நாள்ல எல்லாருக்கும் பதில் சொன்ன மாதிரி ஆயிரும்." எடுத்தேன், அருமையாக வந்தது, அதற்குள் முகக்கவசத்தோடு ரஞ்சனே ஓடி வந்து, "அம்மா, நக்கோ! ஒனக்கு இருக்கிறது ஒரே பையன். ஒன் மூஞ்சியப் போட்டா என் பேரைப் போட்ட மாதிரிதான்" என்றான். "பொறவு நா எதுக்குல நடக்கேன்?" என்றார் ரோஸ்லின். அவன் கடைசிவரை அம்மாவுக்குக் குடை பிடித்துக்கொண்டே நடந்தான்.

அவன் சம்மதிக்காமல் அந்தப் படத்தைத் தரமாட்டேன். நீங்களும் கேட்க மாட்டீர்கள். போன மாதம் போவன்பள்ளிச் சந்தையில் எடுத்த தக்காளிக் குவியல் இருக்கிறது, அதைப் போடுங்கள். தக்காளிக்கு யாரும் பெண் பார்க்கவில்லை. வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், குழந்தைக்கு ஆசிகள்.

பி.கு.: தக்காளியை நிறுத்துங்கள். இப்போதுதான் ரஞ்சன் போன் செய்தான். "வீட்டுக்கு வந்து அம்மா ஒரு வார்த்தை திட்டல அங்கிள், அதுதான் தாங்கல. அவங்க தனியா நிக்க வேணாம். என்னையும் சேத்து எடுங்க, முகத்தோட, பேரோட." நாளைக் காலை அவர்கள் வீட்டில் எடுக்கிறேன், மதியத்துக்குள் படம் உங்களுக்கு வந்துவிடும். ஒன்று மட்டும் முடிவாகவில்லை. அம்மா கிளிப்பச்சைப் பட்டுப்புடவை கட்டக் கூடாது என்கிறான் ரஞ்சன். ரோஸ்லின் அதைத்தான் இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாராம். காலையில் தெரியும்.