ஐம்பத்துநாலு படியும் இரண்டு மாத்திரையும்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம், என் முழங்கால்கள் நீங்கலாக.

உங்கள் தெருவில் எங்களுக்காகக் கீழ்த்தள வீடு பார்த்து வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். மிக்க நன்றி, வேண்டாம். முப்பது வருடம் கடை கடையாக ஏறித் தராசு சரிபார்த்த ஆள், ஐம்பத்துநாலு படிக்குப் பயந்து மூன்றாம் மாடியைக் காலி செய்தான் என்று பேர் வாங்க மாட்டேன். அதற்காகத்தான் இரண்டு வலி மாத்திரைகளை எடை போட்டுப் பார்த்தேன். பழைய டாக்டர் எழுதியது இபுப்ரோஃபென், புது டாக்டர் எழுதியது நாப்ராக்சன். முதலாவது அவசரக்காரன். அரை மணியில் வலியை விரட்டிவிட்டு, ஐந்து மணி நேரத்தில் வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுகிறான். ஒருநாள் நான் பாதிப் படியில் நிற்கும்போதே கிளம்பிவிட்டான், எதிர்வீட்டு டிரைவர் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டார். அடுத்தவன் வந்து சேரவே ஒரு மணிக்கு மேல் ஆகிறது, வந்தால் சாயங்காலம் வரை நகருவதில்லை. சரி, அவசரத்துக்கு ஒன்று, நிதானத்துக்கு ஒன்று என்று ஒருநாள் இரண்டையும் சேர்த்து, அதுவும் வெறும் வயிற்றில், போட்டுத் தொலைத்தேன். முழங்காலுக்கு ஒண்ணு போட்டதைவிடக் கூடுதலா ஒண்ணும் கேக்கல, வயிறு பத்தி எரிஞ்சது, புது டாக்டர்கிட்ட ஓடினா, "ரெண்டும் ஒரே வேலையைத்தானே சார் பாக்குது? சேத்துப் போட்டா வயித்துல புண்ணுதான் வரும். யாரைக் கேட்டுப் போட்டீங்க?"ன்னு பொரிஞ்சு தள்ளிட்டார். உங்க அத்தை பக்கத்துல நின்னுக்கிட்டு, "நல்லா கேளுங்க டாக்டர்"னு எடுத்துக் கொடுக்கறா. ஆகவே தீர்ப்பு: சாப்பிட்ட பிறகு நாப்ராக்சன் மட்டும், டாக்டர் சொன்ன நாள் வரை. படியெல்லாம் எனக்குத் தூசு. அந்த வீட்டுக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடவும்.

மகளுக்கும் பேத்திக்கும் எங்கள் ஆசிகள். உங்களுக்கும் குறையில்லாமல் உண்டு.

இப்படிக்கு,
படிக்கு அஞ்சாத மாமனார்

பி.கு.: கவர் வாங்கக் கீழே இறங்கினேன். மாடித் திருப்பத்தில் உங்கள் அத்தை காய்கறிப் பையோடு படியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "என்ன?" என்றேன். "சும்மா, காத்து வாங்கறேன்" என்றாள். அங்கே ஜன்னலே கிடையாது. துருவிக் கேட்டதில், ஒரு வருஷமாக இப்படித்தானாம். "மாத்திரை கேட்டிருக்கலாமே?" என்றேன். "எனக்குப் பிரஷர் இருக்கே, ரெண்டுமே வேண்டாம்னுட்டார் டாக்டர். நீங்க வீட்டை விடமாட்டேன்னு நிக்கறீங்க, நான் என்னத்தைச் சொல்ல?" என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, மாப்பிள்ளை. அந்தக் கீழ்த்தள வீட்டை விட்டுவிடாதீர்கள். யாராவது காரணம் கேட்டால், மாமனாருக்கு முழங்கால் வலி தாங்கவில்லை என்றே சொல்லுங்கள்.