பாலம் கடக்கும் அட்டையும் என் பேத்தியின் ஞானஸ்நானமும்

குவாதலூப்பே மாதா துணை

சியுதாத் ஹுவாரஸ்,
அக்டோபர் 14

என் மதிப்பிற்குரிய மூத்த சகோதரி ஹெர்லிந்தா அக்காவுக்கு, தம்பி நிக்கானோர் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் ஒப்துலியாவும் சுகம். அங்கே டோரியோனில் நீ, அத்தான், உன் இடது முழங்கால் மூவரின் சுகத்தையும் தனித்தனியே விவரமாக எழுதவும்.

நிற்க. எனக்கு அட்டை கிடைத்துவிட்டது. எந்த அட்டை என்று நீ கேட்பாய், ஆகையால் முதலிலிருந்து சொல்கிறேன். என் மகள் யதீராவின் கல்யாணத்துக்குக் காய்ச்சல் என்று நீ வரவில்லை, அதனால் அன்று நடந்தது உனக்கு முழுசாகத் தெரியாது. எல் பாசோ கோயிலில் பன்னிரண்டு மணிக்குக் கல்யாணம். நானும் ஒப்துலியாவும் எட்டரைக்கே வண்டியை எடுத்தோம். எல்லைப் பாலத்தின் மேல் ஐந்து மணி நேரம். கோட்டு சூட்டோடு நான் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருக்க, கண்ணுக்கெதிரே அமெரிக்கா இருக்க, போக மட்டும் வழியில்லை. போய்ச் சேர்ந்தபோது கேக்கை வெட்டி முடித்து விட்டார்கள். என் மகளைக் கைப்பிடித்துப் பீடம் வரை அழைத்துப் போனது சம்பந்தி சில்வெஸ்த்ரே. அவருக்கு வீடு கோயிலிலிருந்து மூன்றாவது தெரு. நல்ல மனிதர், ஒரு குறை சொல்ல முடியாது, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

போன பிப்ரவரியில் யதீரா போன் செய்து, முழுகாமல் இருக்கிறேன் என்றாள். ஒப்துலியா அழுது முடித்ததும் என்னிடம் பேசினாள். "அப்பா, ஞானஸ்நானத்துல குழந்தையைக் கையில ஏந்துற ஞானத்தந்தை நீங்கதான். ஆனா கல்யாணத்துக்கு வந்த மாதிரி வந்தீங்கன்னா என் மாமனார் தூக்கிப்பார், அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க." அன்று சாயங்காலமே நான் இந்த அட்டைக்கு மனுப் போட உட்கார்ந்தேன். அடிக்கடி எல்லை தாண்டும் ஆள் யோக்கியமானவர்தானா என்று முன்கூட்டியே விசாரித்து, திருப்தியானால் ஒரு அட்டை தருவார்கள். அது இருந்தால் தனி வரிசை, கால் மணியில் அக்கரை.

அக்கா, நம் அம்மா என்னை மட்டும் எல் பாசோவில் பெற்றதால் எனக்கு இரண்டு குடியுரிமை, இரண்டு பாஸ்போர்ட். இதுவரை அதை ஒரு பெருமையாகத்தான் நினைத்திருந்தேன். மனுவில் அதுவே இரட்டை வேலையாக வந்து நின்றது. "அமெரிக்கக்காரன்னு மட்டும் எழுது கிழவா, ரெண்டையும் எழுதினா சந்தேகப்படுவாங்க" என்றாள் ஒப்துலியா. எனக்கு மனசு கேட்கவில்லை. யோக்கியனா என்று கேட்கும் காகிதத்திலேயே பாதியை மறைத்தால் என்ன நியாயம்? இரண்டையும் எழுதினேன். ஐந்து வருஷத்து விலாசம், வேலை எல்லாம் எழுதினேன். அப்புறம் ஒரு கேள்வி, வேறு ஏதாவது பெயர்களால் அறியப்பட்டதுண்டா என்று. உண்மையைத்தானே எழுதணும்? பள்ளிக்கூடத்தில் ஓணான், பஸ் ஒர்க்‌ஷாப்பில் கிரீஸ், தெருவில் வழுக்கை, வீட்டில் கரடிக்குட்டி. நாலும் எழுதினேன். சுங்க விதியை எப்போதாவது மீறியதுண்டா என்பது அடுத்த கேள்வி. அதற்கு இடம் போதவில்லை, தனித்தாள் வைத்தேன்.

ஆகஸ்டில், பேத்தி பிறந்த கையோடு, நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே ஒரு இளம் அதிகாரி, முகத்தில் சிரிப்பு என்பது மருந்துக்கும் இல்லை. என் இரண்டு பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இதுல நிக்கானோர் அர்ரியோலா. அதுல நிக்கானோர் அர்ரியோலா மொண்டேலோங்கோ. இந்த மொண்டேலோங்கோ யாரு?"

"எங்க அம்மா சார்."

"உங்க பேரு எது?"

"ரெண்டும்தான் சார். அந்தப் பக்கம் அம்மா பேரும் சேர்ந்து வரும். இந்தப் பக்கம் அம்மாவை விட்டுட்டாங்க."

எழுதிக்கொண்டார். பிறகு மனுவைத் திருப்பி, கோர்ட்டில் தீர்ப்பு வாசிப்பது போல வாசித்தார். "ஓணான். கிரீஸ். வழுக்கை." நான் ஒவ்வொன்றுக்கும் "நான்தான் சார்" என்றேன். நாலாவது பெயரை ஒரு தரம் மனசுக்குள் படித்துவிட்டு, "இதையும் நான் சத்தமா வாசிக்கணுமா?" என்று கேட்டார். "வேண்டாம் சார், அதை என் பெண்டாட்டி மட்டும்தான் சொல்வா" என்றேன்.

அடுத்து தனித்தாளை எடுத்தார். தொண்ணூற்றொன்றில், நீ எல் பாசோவில் வேலை பார்த்தபோது, உனக்காகக் கோட்டுப் பையில் ஒளித்துக் கொண்டுபோன கொய்யாப்பழத்தை எழுதியிருந்தேன். எத்தனை என்று கேட்டார். இருபத்திரண்டு என்றேன். பிடிபட்டீங்களா என்றார். இல்லை சார், என் அக்கா ஜாம் பண்ணிட்டா என்றேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

அக்கா, அந்தப் பத்து நிமிஷம் நான் பட்டது எனக்குத்தான் தெரியும். இருபத்திரண்டு கொய்யாவுக்காகப் பேத்தியைச் சம்பந்தி கையில கொடுத்துட்டமேன்னு உட்கார்ந்திருக்கேன். அப்போ அவரோட ஒரு மேலதிகாரி அம்மா வந்தாங்க, தலையெல்லாம் நரை. "அர்ரியோலா ஐயா, இருபது வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். பிடிபடாத கொய்யாவை எண்ணிச் சொன்ன ஆள் நீங்க ஒருத்தர்தான். இனிமே பழம் கொண்டு வராதீங்க"ன்னாங்க. ஜாம்? என்று கேட்க வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். செப்டம்பர் கடைசியில் அட்டை தபாலில் வந்தது. வண்டியையும் பரிசோதித்துப் பதிந்து கொடுத்தார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம், பதினொரு மணிக்கு. வண்டியில் இருக்கும் எல்லோருக்கும் அட்டை இருந்தால்தான் அந்த வரிசை. ஒப்துலியாவோ மனுவுக்குக் கைரேகை கொடுக்க மாட்டேன் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாள். யதீராவுக்குக் குழந்தையில் ஞானஸ்நானம் கொடுத்த நம்ம ஊர் எவரிஸ்தோ சாமியாரே வரவேண்டும் என்று ஏற்பாடு, ஆகவே இவள் அவர் காரில் கிளம்பினாள். நான் தனியாக அந்த வரிசையில் போனேன். பதினோரு நிமிஷம் அக்கா. வழியில் காப்பி குடித்தும் ஒன்பதரைக்குக் கோயில் வாசலில் நிற்கிறேன். சம்பந்தியை அன்றுதான் முதல் தடவையாக முந்தினேன்.

பத்து ஆச்சு, பதினொண்ணு ஆச்சு, எல்லாரும் வந்தாச்சு, சாமியாரைக் காணோம். ஒப்துலியா போன் பண்றா: "பாலத்து நடுவுல நிக்கறோம் கிழவா, சாமியார் ரெண்டாவது ஜெபமாலை சொல்லிட்டிருக்கார்." அவங்க வந்து சேர்ந்தது ஒண்ணரைக்கு. அதுவரைக்கும் குழந்தை ஹிமேனா என் தோளில்தான். யார் வாங்கினாலும் அழுதாள், என்னிடம் வந்தால் தூங்கினாள். சம்பந்தி ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டு, "உட்காருங்க, கை வலிக்கும்" என்றார். வலித்தது. கொடுக்கவில்லை. சாமியார் மட்டும் நேரத்துக்கு வந்திருந்தால் அவள் என் கையில் ஒரு ஐந்து நிமிஷம்தான் இருந்திருப்பாள்.

ஆகவே அக்கா, நீயும் உடனே இந்த அட்டைக்கு மனுப் போடு. உனக்கு ஒரே குடியுரிமை, பாதி வேலைதான். நான் வந்து எழுதித் தருகிறேன். அத்தானுக்கு என் வணக்கம். மாதா உன் வீட்டையும் முழங்காலையும் காப்பாளாக.

உன் அன்புத் தம்பி,
நிக்கானோர் அர்ரியோலா மொண்டேலோங்கோ

பின்குறிப்பு: தபாலில் போட ஒரு வாரம் தாமதமாகிவிட்டது. மனுப் போட வேண்டாம். இதை ஒப்துலியா படித்துவிட்டு, "உனக்குப் பதினோரு நிமிஷம். எனக்கு அஞ்சு மணி நேரம் பேச்சுத் துணைக்கு யாரு, தினம் சாமியாரா?" என்றாள். அட்டையை அலமாரியில் வைத்துவிட்டேன். நேற்றுப் பேத்தியைப் பார்க்க இரண்டு பேருமாகப் பழைய வரிசையிலேயே போனோம். பாலத்தில் விற்கும் பர்ரிட்டோ ரொட்டிச் சுருள் ஒரு பொட்டலம் வாங்கினோம். நாலு வருஷமாக அவள் என்னிடம் சொல்ல நினைத்திருந்த சில விஷயங்களைச் சொன்னாள், இரண்டு என்னைப் பற்றியவை, இரண்டும் சரி. மூணேகால் மணி நேரம் ஆனது. அக்கரை கொஞ்சம் சீக்கிரம் வந்துவிட்டது போலிருந்தது.